பிப் நின்ற பிறகு: மேன்முறையீட்டுக் காலத்து வீட்டுக் கணக்கு

லண்டனில் நம் சனத்திடம் பிப் (PIP, நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவருக்கு அரசு தரும் உதவிப்பணம்) மேன்முறையீடு என்று வாய் திறந்தால் உடனே ஓர் அறிவுரை வரும்: "வேலை கீலை ஒன்றும் செய்யாதேங்கோ, கேஸ் தோற்றுப்போகும்." அடுத்த மூச்சில் வருவது அதற்கு நேர்மாறு: "கையில காசாய்த் தாற இடத்தில செய்யுங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது?" ஒரே ஆள், ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, இரண்டையும் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பிப் நின்றபோது இரண்டையும் நாங்கள் கேட்கவில்லை. வழக்கை எப்படி வெல்வது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அது முடியும்வரை வாடகையை எப்படிக் கட்டுவது என்று எழுதுகிறவர்கள் குறைவு. ஆகவே இது காசைப் பற்றிய கட்டுரை.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூட்டுவாதம். விரல்கள், மணிக்கட்டு, முழங்கால். இவருக்கு ஒரு பெற்றோல் நிலையத்தில் பகல் வேலை, மாதம் 800 பவுண்ட். மிச்ச நேரம் என்னைப் பார்த்துக்கொள்வார், அதற்குக் கேரர்ஸ் அலவன்ஸ் என்ற பராமரிப்பாளர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகள். வாடகை 1,600. யூனிவர்சல் கிரெடிட், அதாவது குறைந்த வருமானக்காரருக்கு அரசு மாதாமாதம் தரும் உதவி, இல்லாமல் எங்கள் வீடு ஒரு மாதம்கூட ஓடாது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. பிப்பில் அன்றாட வாழ்வு, நடமாட்டம் இரண்டுக்கும் சாதாரண வீதம் கிடைத்தது. 2025இல் மீளாய்வு நடந்தது. மதிப்பீடு செய்தவர் தொலைபேசியில் கதைத்தார். பிறகு வந்த கடிதத்தில் இரண்டு பகுதியிலும் எட்டுப் புள்ளி இல்லை என்று இருந்தது. எட்டு இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

இனி நான் சொல்லும் தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரலிலிருந்து ஒரு வருடத்துக்கு இருந்த வீதங்கள். நீங்கள் வாசிக்கும்போது மாறியிருக்கும். கணக்கின் போக்கு மாறாது.

பிப் அன்றாட வாழ்வு சாதாரண வீதம் கிழமைக்கு 73.90, நடமாட்டம் 29.20. நான்கு கிழமைக்கு ஒருமுறை கணக்கில் விழுந்தது 412.40. அது நின்றவுடன் கேரர்ஸ் அலவன்ஸும் நின்றது, ஏனென்றால் பராமரிக்கப்படுபவருக்கு பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதி போன்ற ஒன்று இருந்தால்தான் அது வரும். கிழமைக்கு 83.30. அதைப் பார்த்து இவர் தலையில் கை வைத்தார். உண்மையில் அந்த 83.30ஐ நினைத்துக் கவலைப்படவே தேவையில்லை. யூனிவர்சல் கிரெடிட் எடுக்கும் வீட்டில் கேரர்ஸ் அலவன்ஸ் பவுண்டுக்குப் பவுண்ட் கழிக்கப்படும். அது நின்றால் கழிப்பதும் நிற்கும். ஆனால் ஜேர்னலில் (யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கில் செய்தி எழுதும் இடம்) உடனே அறிவித்தால்தான் நிற்கும். நான் பார்த்த பல வீடுகளில், கடிதம் வந்த அதிர்ச்சியில் இந்த அறிவிப்பை விட்டுவிட்டு, வராத காசுக்கு மாதக்கணக்கில் கழிவு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையான இழப்பு வேறு: யூனிவர்சல் கிரெடிட்டுக்குள் இருந்த பராமரிப்பாளர் பகுதி, மாதம் 201.68. அதுவும் பிப்போடு சேர்ந்து போய்விட்டது.

சரி, மாதத்துக்கு ஏறத்தாழ 600 பவுண்டுக்கு மேல் ஓட்டை. "நான் நைட் அடிக்கிறேன்" என்றார் இவர். அப்போதுதான் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். பிள்ளைகள் உள்ள, வாடகைக்கும் உதவி பெறும் குடும்பத்துக்கு மாதம் 411 பவுண்ட்வரை சம்பாத்தியத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டிலும் 55 பென்ஸ் கழிப்பார்கள். இவர் 800இலிருந்து 1,200க்கு ஏறினால், அந்த 400 பவுண்டில் கையில் நிற்பது 180. அந்த 600 பவுண்ட் ஓட்டையை நைட் அடித்து நிரப்ப வேண்டுமானால் மேலதிகமாக 1,300க்கு மேல் உழைக்க வேண்டும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் தனியே படியேற, இவர் இரவு முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க, அதற்குக் கிடைப்பது பவுண்டுக்கு 45 பென்ஸ். உழைப்புக்குக் குறை சொல்லவில்லை. எந்த மாதம் எவ்வளவு உழைத்தால் பலன் என்று தெரியாமல் உழைக்கக்கூடாது என்கிறேன்.

ஏனென்றால் எங்களுக்கு வந்த பெரிய அடி, நாங்கள் எதிர்பார்த்த பக்கத்திலிருந்து வரவில்லை. பெனிஃபிட் கேப் என்று ஒன்று இருக்கிறது. லண்டனில் தம்பதிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் எல்லா உதவிகளும் சேர்ந்து மாதம் 2,110.25 பவுண்டைத் தாண்டக்கூடாது. வீட்டில் ஒருவருக்கு பிப் இருந்தால் இந்த வரம்பு பொருந்தாது. பராமரிப்பாளர் பகுதி இருந்தாலும் பொருந்தாது. இரண்டும் ஒரே நாளில் போனதால், இத்தனை வருடம் கேள்விப்படாத கேப் எங்கள் தலையில் விழப் பார்த்தது. வாடகை, பிள்ளைகள் பகுதி, சைல்ட் பெனிஃபிட் எல்லாம் கூட்டினால் வரம்புக்கு மேல் ஏறக்குறைய 700 பவுண்ட். பிப் போனதைவிடப் பெரிய தொகை இது. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிப் ஒரு பிரிவு, யூனிவர்சல் கிரெடிட் இன்னொரு பிரிவு. ஒன்று வெட்டினால் மற்றது எங்கே கிழியும் என்று சொல்வது யாருடைய வேலையும் இல்லை போல.

கேப்பிலிருந்து வெளியேற ஒரு வழி உண்டு. கணவன் மனைவி இருவரின் சம்பாத்தியமும் சேர்ந்து மாதம் 846 பவுண்டைத் தொட்டால் கேப் இல்லை. இவருடையது 800. இன்னும் 46 பவுண்ட் போதவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆண்டு மூன்றுக்கு ஆசிரியர் இல்லை என்று கேட்டிருந்தார்கள். மாதம் 60 பவுண்ட் கொடுப்பனவு. கேள்விப்பட்ட எல்லாரும் தலையாட்டி மறுத்தார்கள். "மேன்முறையீடு போட்டுவிட்டுப் படிப்பிக்கப் போறியோ? நீதிபதி கேட்டா என்ன சொல்லுவாய்?" என்று என் மச்சாள் கோபித்தே விட்டாள். நான் போனேன். 60 பவுண்டில் கழிவுபோகக் கையில் நின்றது 27 பவுண்ட். ஆனால் வீட்டுச் சம்பாத்தியம் 860 ஆனது, 700 பவுண்ட் வெட்டு நின்றது.

ஓகஸ்டில் பள்ளி இல்லை. அந்த மாதம் இவர் மேலதிகமாக ஒரு ஷிஃப்ட் எடுத்தார். கேப்புக்காக எவரும் மாதா மாதம் பார்க்க வேண்டியது இதுதான்: சம்பளத் தேதி, மதிப்பீட்டு மாதத்தின் (யூனிவர்சல் கிரெடிட்டுக்காக வருமானத்தைக் கணக்கெடுக்கும் மாதம்) தொடக்கமும் முடிவும். மாதச் சம்பளக்காரருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வருகிறவருக்கு வருடத்தில் பதின்மூன்று சம்பளம், ஆனால் பன்னிரண்டு மதிப்பீட்டு மாதம். கிழமைக்குப் பதினாறு மணித்தியாலம் குறைந்தபட்சச் சம்பளத்தில் செய்தாலும் நான்கு கிழமைத் தொகை 846ஐத் தொடாது. இதே காரணத்துக்காகக் கேப்பில் சிக்கிய ஒரு தாய் வழக்குப் போட்டு 2020இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். 2021இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆகவே நியாயம் எந்தப் பக்கம் என்று வாதாடுவதைவிட, சம்பளத்தை மாதக் கணக்குக்கு மாற்றித் தருவீர்களா என்று முதலாளியிடம் கேட்பது சுலபம்.

இந்த 846க்கு இன்னொரு முகம் இருக்கிறது, அது யூனிவர்சல் கிரெடிட்டின் வேலைத்திறன் மதிப்பீட்டில் இருப்பவர்களுக்கு. எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா, தனியாள், பிள்ளைகள் இல்லை, பிப்பும் இல்லை. "வேலைக்குத் தகுதி" என்று முடிவு வந்து அதை எதிர்த்துக்கொண்டிருந்தார். பாடசாலைச் சமையலறையில் மாதம் 400 பவுண்டுக்கு வேலை. அவருக்கு 411 சலுகை கிடையாது, ஏனென்றால் அது பிள்ளைகள் உள்ளவருக்கும், வேலைத்திறன் குறைவு என்று ஏற்கப்பட்டவருக்கும்தான். முதல் பவுண்டிலிருந்தே 55 பென்ஸ் கழிவு. 400க்குக் கையில் 180. மேன்முறையீடு வென்றால் பழைய மாதங்களும் மறுபடி கணக்கிடப்படும், அப்போது அந்த 220 பவுண்ட் கழிவும் மாதா மாதமாகத் திரும்பும். ஆகவே வேலையை விட்டால்தான் வெல்லலாம் என்றில்லை. செய்த வேலைக்குரிய கழிவும் வெற்றியோடு திரும்பி வருகிறது. ஆனால் பிப் போன்ற ஒன்று கையில் இல்லாதவர் மாதம் 846 அல்லது அதற்கு மேல் தானே சம்பாதித்தால், வேலைத்திறன் மதிப்பீட்டுக்கே அனுப்ப மாட்டார்கள். கேப்பில் இருக்கும் வீட்டுக்கு 846 தாண்ட வேண்டிய கோடு. அந்த அக்காவுக்கு அது தாண்டக்கூடாத கோடு. நண்பர் சொன்னார், சித்தப்பா சொன்னார் என்று இன்னொரு வீட்டின் வழியை நம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்த அக்கா இடையில் சலித்துப்போய், "இதை விட்டுவிட்டுப் பிறகு புதிதாகப் போடுகிறேனே" என்று ஒருநாள் சொன்னார். வேண்டாம் என்று பிடித்து நிறுத்தினோம். வேலை செய்ய இயலாதவருக்கான மேலதிகப் பகுதி அந்த வருடம் 423.27. 2026 ஏப்ரல் 6க்குப் பிறகு புதிதாகத் தகுதி பெறுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது 217.26. பழைய தேதியிலிருந்து வெல்லுவதற்கும் புதிய தேதியில் தொடங்குவதற்கும் நடுவில் பாதிக் காசு நிற்கிறது.

மூன்றாவது வகை, மனைவிக்கோ கணவனுக்கோ நல்ல சம்பளம் இருப்பதால் யூனிவர்சல் கிரெடிட்டே கிடைக்காத வீடுகள். களஞ்சியசாலையில் வேலை செய்து முதுகு போன ஒரு தம்பி இப்படித்தான் "எனக்கு ஒன்றும் வராது அக்கா" என்று பேசாமல் இருந்தான். அவனுக்கு நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ, நோயால் வேலை செய்ய இயலாதவருக்கான உதவி, இருந்தது. அது கடந்த இரண்டு முழு வரி ஆண்டுகளில் கட்டிய நாஷனல் இன்சூரன்ஸை வைத்து வருவது. மனைவியின் சம்பளத்தையோ சேமிப்பையோ பார்க்காது. மதிப்பீட்டுக் காலத்தில் கிழமைக்கு 92.05. முக்கியமானது என்னவென்றால், வேலைக்குத் தகுதி என்று முடிவு வந்தாலும், மேன்முறையீடு தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டால், வைத்தியரின் ஃபிட் நோட்டை (நோய்ச் சான்று) தொடர்ந்து கொடுத்துக்கொண்டு அதே தொகையைப் பெறலாம். தோற்றாலும் அதைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். முன்பு, உதவிகளைத் தரும் அரசுத் திணைக்களமே தன் முடிவை மறுபடி பார்க்கும் கட்டாய மறுபரிசீலனை முடியும்வரை அந்தக் காசு நின்றுவிடும். 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் தடை சட்டவிரோதம் என்று சொன்ன பிறகு, இப்படிப்பட்ட ஈஎஸ்ஏ வழக்குகளில் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பிப்புக்கும் யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் இந்த வசதி இல்லை, மறுபரிசீலனை வாசலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஈஎஸ்ஏயில் இருந்துகொண்டே கிழமைக்குப் பதினாறு மணித்தியாலத்துக்குக் குறைவாக, 195.50 பவுண்ட்வரை, அறிவித்துவிட்டு வேலை செய்யவும் அனுமதி உண்டு. அவன் நண்பனின் கடையில் கணக்கெழுதினான், சம்பளச் சீட்டோடு.

சம்பளச் சீட்டு என்றதும் அந்த இரண்டாவது அறிவுரைக்கு வருகிறேன். கையில் காசு. நம் கடைகளில் இது எவ்வளவு சாதாரணம் என்று எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒழுக்கப் பாடம் நடத்தவும் வரவில்லை. காசுக் கணக்காகவே பாருங்கள். பதிவில்லாத வேலைக்கு நாஷனல் இன்சூரன்ஸ் இல்லை. ஆகவே நாளை நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ இல்லை. வருத்தம் வந்து படுத்தால் முதலாளி தரவேண்டிய நோய்க்காலச் சம்பளம் இல்லை. எங்கள் வீட்டில் என்றால், அந்த 60 பவுண்டைக் கையில் வாங்கியிருந்தால் 846 என்ற கோட்டைத் தொட்டிருக்கவே மாட்டோம். 33 பவுண்ட் கழிவை மிச்சம் பிடிக்கப் போய் 700 இழந்திருப்போம். அதற்கு மேல், தீர்ப்பாயத்தில் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து "கிழமையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்லுங்கள்" என்று கேட்டால், மறைக்க ஒன்று இருக்கிறவரின் பதில் எப்படித் தடுமாறும் என்று யோசித்துப் பாருங்கள். வலியைப் பற்றிச் சொல்வதும் பொய் போலவே கேட்கும்.

சரி, எவ்வளவு காலத்துக்குத் திட்டம் போடுவது? முடிவுக் கடிதத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் பதின்மூன்று மாதம்வரை பிந்திக் கேட்கலாம், ஆனால் அவர்கள் ஏற்க வேண்டும். அவர்கள் பதில் தர எந்தக் காலக்கெடுவும் இல்லை. அந்தப் பதிலிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு. பிறகு திணைக்களம் தன் பதிலை 28 நாளில் கொடுக்க வேண்டும். அதன் பின்னர் விசாரணைத் தேதி எப்போது வருமோ அப்போது. நான் என்றால் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடச் சொல்வேன். முந்தி முடிந்தால் லாபம்.

ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டால் கடனுக்கும் திட்டம் வேண்டும். நகை அடகு வைப்பது நமக்குக் கைவந்த கலை. வட்டியைப் பார்த்த பிறகு நான் போகவில்லை. யூனிவர்சல் கிரெடிட்டில் நகை போன்ற சொந்த உடைமைகளைச் சேமிப்பாகக் கணக்கெடுக்க மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம், விற்றுக் காசாக்கினால் அது வங்கியில் சேமிப்பாகிவிடும். சீட்டும் அப்படித்தான். எங்களுக்கு ஒரு சீட்டு இருந்தது, இடையில் எடுத்தால் மொத்தமாக ஒரு தொகை வரும். கணக்கில் 6,000 பவுண்டைத் தாண்டினால் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 கழிப்பார்கள். 16,000 தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட்டே இல்லை. அது சீட்டுக்காசு, பாதி நான் இன்னும் கட்டவேண்டியது என்று வங்கிக் கணக்கு விவரத்தைப் பார்க்கிறவருக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியமில்லை. எடுக்க வேண்டி வந்தால், யார் யார், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று சீட்டுக் கொப்பியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொகையை ஊருக்கு அனுப்பி "கணக்கில் இல்லை" என்று காட்டுவது இன்னும் மோசம். உதவி கிடைப்பதற்காகவே காசைக் குறைத்ததாக முடிவு செய்தால், இல்லாத காசையும் இருப்பதாக வைத்துக் கழிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

கிரெடிட் கார்டும் கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் சேர்ந்து அழுத்தினால் பிரீதிங் ஸ்பேஸ் என்ற கடன் இடைநிறுத்தத் திட்டம் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்திலிருந்து. கடன் ஆலோசகர் மூலம் போட்டால் 60 நாள் வட்டி ஏறாது, வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்காது. மாத வாடகையையும் பில்களையும் தொடர்ந்து கட்டவேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் இரண்டுமே இதற்குக் காசு வாங்குவதில்லை. கவுன்சில் டாக்ஸ் குறைப்பை மறுபடி கணக்கிடச் சொல்வது, வாடகைக்குக் கவுன்சிலின் அவசர உதவி கேட்பது இரண்டும் ஒரே நாளில் முடிகிற வேலை.

விசாரணை நாள். அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆனால் காசுக் கதையோடு அது சேர்ந்துவிட்டது. பிப் வழக்கில் மூன்று பேர் இருப்பார்கள்: நீதிபதி, மருத்துவர், இயலாமை பற்றிய அனுபவம் உள்ள ஒருவர். மொழிபெயர்ப்பாளரை அவர்களே இலவசமாக ஒழுங்கு செய்வார்கள், வீட்டார் மொழிபெயர்க்க விட மாட்டார்கள். படிவத்தில் மொழியோடு நான் "இலங்கைத் தமிழ்" என்றும் எழுதியிருந்தேன். "கொதிக்குது", "உளையுது", "விறைக்குது" மூன்றும் வேறு வேறு என்று தெரிந்த ஒருவர் வந்தார். அந்த மூன்றும் ஒரே "பெயின்" ஆகிப்போயிருந்தால் என் பாதிக் கதை போயிருக்கும்.

மச்சாள் பயந்த கேள்வி வந்தது. "நீங்கள் பாடசாலையில் கற்பிக்கிறீர்கள். கரும்பலகையில் எழுதுவீர்களா?" இல்லை, பெரிய பிள்ளை ஒருத்தி எழுதுவாள், நான் கதிரையில் இருந்து சொல்லிக்கொடுப்பேன். "கொப்பிகள் திருத்துவது?" வகுப்பில் வாயாலேயே வாசிக்கச் சொல்லித் திருத்துவேன். "எல்லாச் சனிக்கிழமையும் போனீர்களா?" பள்ளி அதிபர் தந்த கடிதத்தையும் வரவுப் பதிவின் பிரதியையும் முன்பே அனுப்பியிருந்தேன். போகாத நாட்களும், பாதியில் வீடு திரும்பிய நாட்களும் அதில் இருந்தன. மருத்துவர் அந்தத் தாளைத்தான் நீண்டநேரம் பார்த்தார். பிப் விதிகளில், ஒரு காரியத்தைச் செய்ய முடியுமா என்பதோடு நிற்பதில்லை. ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவைப்படும் ஒவ்வொரு முறையும், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். வேலையே செய்யாமல் வீட்டில் இருந்திருந்தால் இதற்கெல்லாம் என் வாய்வார்த்தை மட்டும்தான் சாட்சி. இப்போது வெளியார் ஒருவர் சனிக்கிழமை தோறும் எழுதி வைத்த சாட்சி இருந்தது. சமையல் பற்றியும் கேட்டார்கள். அவர்கள் அளவுகோல் ஒருவருக்கு ஒரு எளிய சாப்பாடு, புதிய மரக்கறியை வெட்டி அடுப்பில் வைப்பது. தேங்காய் துருவ முடியாது, இடியப்பம் பிழிய முடியாது என்று புலம்பினால் புள்ளி வராது. கத்தியைப் பிடிக்கும்போது விரல் எங்கே மடங்க மறுக்கிறது என்று சொன்னேன்.

ஒன்றை மட்டும் பலர் தவறாகப் புரிந்திருக்கிறார்கள். தீர்ப்பாயம் பார்ப்பது முதல் முடிவு எடுக்கப்பட்ட நாளில் உங்கள் நிலைமை என்ன என்பதை. 1998ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 12ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நடுவில் வருத்தம் கூடினால் அதை அங்கே சேர்க்க முடியாது. பிப் முழுவதும் மறுக்கப்பட்டிருந்தால் காத்திருக்காமல் புதிய விண்ணப்பம் போடலாம், வழக்கு தன்பாட்டில் நடக்கும். அதேபோல, இந்த மாதம் வாடகை கட்ட நீங்கள் செய்த சின்ன வேலை, அந்தப் பழைய நாளின் நிலைமையைத் தானாக மாற்றிவிடாது. கேள்வி வரும், பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது, பழைய வீதமே, நிறுத்திய நாளிலிருந்து. காசு அடுத்த நாளே வராது, கிழமைகள் ஆகும். திணைக்களம் தீர்ப்புக்கு எழுத்தில் காரணம் கேட்டால் இன்னும் இழுக்கும். மொத்தமாக வரும் பிப் நிலுவையை யூனிவர்சல் கிரெடிட்டில் வருமானமாக எடுக்க மாட்டார்கள், பன்னிரண்டு மாதத்துக்குச் சேமிப்பாகவும் எடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு மிஞ்சியிருப்பது சேமிப்பு. இவரின் தம்பி ஊரில் காணி ஒன்று மலிவாக வருகிறது என்று இரண்டு தரம் எடுத்துச் சொன்னார். நாங்கள் கார்டை அடைத்தோம், எனக்குச் சாய்ந்து இருக்கக்கூடிய நல்ல கதிரை ஒன்று வாங்கினோம், மிச்சத்தை வேறு கணக்கில் போட்டு வந்த தேதியை எழுதி வைத்தோம்.

பிப் திரும்ப வந்ததோடு மற்றவை தானாக வரும் என்று இருந்துவிட வேண்டாம். ஜேர்னலில் அறிவித்த பிறகுதான் பராமரிப்பாளர் பகுதி பழைய தேதியிலிருந்து கணக்கிடப்பட்டது. அதற்குச் சம்பள வரம்பு கிடையாது. கேரர்ஸ் அலவன்ஸுக்கு உண்டு, வரிபோகக் கிழமைக்கு 196. பராமரிப்பவர் நைட் அடித்து அதைத் தாண்டிய கிழமைகளுக்கு அது கிடைக்காது. யூனிவர்சல் கிரெடிட் வீட்டில் அது எப்படியும் கழிபடுகிற காசு என்பதால் பெரிய நட்டமில்லை, ஆனால் அந்தக் கிழமைகளை மறைக்காமல் எழுத வேண்டும். யூனிவர்சல் கிரெடிட் எடுக்காத வீடுகளுக்கு இது முழு இழப்பு, அவர்கள்தான் ஷிஃப்டை முன்பே எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும். கேரர்ஸ் அலவன்ஸை பிப் தீர்ப்பு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்டால் பழைய தேதிவரை பின்னோக்கித் தருவார்கள். மூன்று மாதம் தாண்டினால் அந்தப் பழைய காசு போய்விடும். தீர்ப்புக் கடிதம் வந்த அன்றே நாட்காட்டியில் அந்தக் கடைசித் தேதியைக் குறித்துவிடுங்கள்.